வலிக்காத கால்

எழுபதுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரிக்காரன் என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"திறந்து பார்த்தாத்தான் தெரியும். காப்பாத்த முடியலன்னா எடுத்துடுவோம்," என்றார் டாக்டர், ஏதோ பல் பிடுங்குகிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க காலா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?" என்று கேட்டே விட்டேன். கேட்டு என்ன, கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

பார்க்க வந்த ஆபீஸ் நண்பர்களும் தங்கள் பங்குக்குப் பயமுறுத்தினார்கள். "ஆபரேஷன்ல ஒண்ணும் தெரியாது சார். முழிக்கிறப்பதான் வலி உயிர் போகும்." ஆறுதல் சொல்ல வந்தவர்களின் லட்சணம் இது.

கண் விழித்தேன். வலியே இல்லை. சுருக்கென்று ஒரு குத்துக்கூட இல்லை. அந்தச் சுகம்தான் என்னைக் கதிகலங்க வைத்தது. இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வலி இல்லையென்றால், வலிக்க அங்கே ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? போர்வை காலில் படாதபடி கம்பிக்கூடு வைத்து மூடியிருந்தார்கள். தலையைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லை, தைரியமும் இல்லை. மனைவியை உள்ளே விடச் சாயங்காலமாகும். போச்சு, எல்லாம் போச்சு என்று மல்லாந்து கிடந்து அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞர். பல்லாவரம் கல் குவாரியில் அடிபட்டவர். "கட்டை வெரலு எரியுது சிஸ்டர். நெருப்பு வெச்சா மாரி கீது," என்று முனகிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.

"வலிக்கிறதுக்கு உனக்காவது கால் இருக்கே தம்பி. எனக்கு அதுவும் போச்சு," என்றேன். அவர் முனகுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சிஸ்டர் வந்து என் போர்வையை விலக்கி, தலையைத் தாங்கித் தூக்கினார். "யார் சொன்னா போச்சுன்னு? பாருங்க." மாவுக்கட்டுக்கு வெளியே என் ஐந்து விரல்களும் இருந்தன. "ஆபரேஷன் முடியற வரைக்கும் தூக்க மருந்து பாட்டில்லேர்ந்து சொட்டுச் சொட்டா ஏறிக்கிட்டே இருந்துச்சு. அதான் இன்னும் வலி தெரியல. பொழுது சாஞ்சா தெரியும்."

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "உனக்கும் அந்த மருந்தை ஏத்தச் சொல்லு தம்பி," என்றேன்.

"எனுக்குக் கால எடுத்துட்டாங்க சார், போன வாரமே," என்றார் அவர். "இல்லாத வெரலுதான் எரியுது. சொன்னா யாரு நம்புறாங்க?"

அவருடைய போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. இல்லாத விரல் எப்படி எரியும் என்று சிஸ்டரைப் பார்த்தேன். "சில பேருக்கு அப்படி இருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

விளக்குப் போடும் நேரத்தில் என் வலி வந்தது. எலும்பைப் பிடித்துத் திருகுகிற வலி. தலையணையைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தேன். காலே போனவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு கத்துவது?

"வலிச்சா கத்து சார்," என்றார் அவர். "நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."