அப்பா வரைந்த வம்சாவளி

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் நீங்கள் அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அவை இருக்கின்றன. மற்றதையும் மூத்த மகள் என்ற உரிமையில் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அப்பா பாப்பாரப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். லாரி ஓட்டித்தான் எங்கள் மூன்று பெண்களையும் படிக்க வைத்தார். குடிக்க மாட்டார், யாரிடமும் கைநீட்ட மாட்டார். அம்மா போன பிறகு என் வீட்டில்தான் இருந்தார்.

லாரியை விட்டதும் அவருக்கு ஒரே வேலை, குலதெய்வக் கோயிலுக்கு வம்சாவளி வரைவது. பிரிந்து போன பங்காளிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். வண்டி ஓட்டியது என் கணவர். கோயில் சுவரில் அதைக் கல்லில் பொறித்தார்கள். கும்பாபிஷேகத்தன்று ஆசையோடு போய்ப் பார்த்தோம். அப்பாவின் பெயருக்குக் கீழே ‘வாரிசு இல்லை’ என்றிருந்தது. கல் கொத்தியவரின் தவறு என்று நினைத்தேன். அப்பாவேதான் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார்.

“என்னங்கப்பா இது? நாங்க மூணு பேரு இல்லீங்களா?”

“பொட்டப் புள்ளைங்கள எழுதற வழக்கம் நம்மள்ல இல்லம்மா. நீங்கெல்லாம் போன வூட்டு வம்சம்.”

“அப்ப நீங்க யாரு வூட்ல சாப்பிடறீங்க?”

“பொங்கல் ஆறுது, வாங்க” என்று அப்பா நடந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

கடைசி மாதங்களில் படுத்த படுக்கையானார். நாங்கள் மூவரும் மாறி மாறிக் குளிப்பாட்டினோம், ஊட்டிவிட்டோம். கல்லில் பெயருள்ள பங்காளி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா கண்ணை மூடிய அன்று மட்டும் எல்லோருக்கும் வழக்கம் நினைவுக்கு வந்தது. பெரியப்பா மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், பொறுங்கள் என்றார்கள். தொப்பூரில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டதில், சேலத்திலிருந்து கிளம்பிய அந்த அண்ணனின் கார் நின்றுவிட்டது. பொழுது சாயும்வரை பார்த்தோம்.

“எந்நேரந்தான் போட்டு வெக்கறதுங்க? பெத்த புள்ள நிக்குது, அதே வெக்கட்டும்” என்றார் எங்கள் தாய்மாமன். நான் வைத்தேன்.

மாமாவுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த அக்கம்பக்கத்தாருக்கும், முகம் சுளிக்காமல் எங்களோடு நின்ற எங்கள் கணவர்களுக்கும் நன்றி. கல்லில் எங்கள் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று இப்போது சில பங்காளிகள் சொல்கிறார்கள். வேண்டாம். அடுத்த பக்கத்தில் வம்சாவளியை அப்பா எழுதியபடியே அச்சிட்டிருக்கிறோம், ஓர் எழுத்தும் மாற்றவில்லை. வாரிசு இல்லாதவருக்குக் கொள்ளி வைத்தது யார் என்று கேட்பவர்கள், அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.