கத்தரிப்பூ நிறத்தில் ஓர் ஓடை

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாண் நீளக் கம்பளி நூல் ஒன்றை ஈரச்சுவரின் மேல் வைத்துப் பார்க்கிறாள். பொருந்தவில்லை. அடுத்த துண்டை எடுக்கிறாள். அதுவும் இல்லை. சுவரில் படர்ந்த பாசிக்கு ஒரு பச்சை, அதன் ஓரத்துக்கு வேறொரு பச்சை, காய்ந்த இடத்தில் பச்சை என்றே சொல்ல முடியாத ஒரு பழுப்பு. குறுகலான சந்து. பின்னால் கூடை சுமந்த ஒருத்தி வழிக்காக நிற்கிறாள். "போங்க போங்க, சுவர் எங்க ஓடிடப்போகுது" என்று ஒதுங்கி வழிவிட்டவள், கூடைக்காரி கடந்ததும், சுவர் உண்மையிலேயே ஓடிவிடும் என்பது போல மறுபடியும் அதனோடு ஒட்டிக்கொள்கிறாள்.

தெருவில் இவளுக்கு வேடிக்கை அக்கா என்று பெயர். துருப்பிடித்த கேட், நாயின் காது மடல், மேசையில் டீக்கோப்பை விட்டுப்போன வட்டம், மின்கம்பியில் இடம் மாறி இடம் மாறி உட்காரும் குருவிகள் என்று எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்தது சில வாரத்தில் சால்வையாகவோ ஸ்வெட்டராகவோ யார் தோளிலாவது போகும். குருவிகள் சால்வையின் ஓரத்தில் சிறு சிறு முடிச்சுகளாக உட்கார்ந்திருக்கும். டீ வட்டம் ஒரு குல்லாயின் உச்சியில் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டின் துருவைப் பார்த்து அவள் பின்னிய ஸ்வெட்டரைக் கேட்டுக்குச் சொந்தக்காரரே விரும்பி வாங்கிப் போட்டுக்கொண்டு திரிகிறார். அது தன் வீட்டுத் துரு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பின்னும்போது ஊசியில் ஏறும் கண்ணிகளை வாய்க்குள் எண்ணுவாள். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் எண்ணிக்கையில்தான் பதில் வரும். லாரி ஓட்டும் கணவன் எப்போது ஊர் திரும்புவான் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "நாப்பத்திரண்டு" என்றாள். கேட்டவள் பாவம், நாற்பத்திரண்டு நாளா என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். கணவன் மறுநாளே வந்து நின்றான். ஜோடி மாறிய செருப்போடு கடைக்குப் போவதும், அடுப்பில் பால் இருப்பதை மறந்துவிட்டு அது பொங்கி வழியும் அழகைப் பார்ப்பதும் இவளுக்கு வாடிக்கை. எதை எங்கே வைத்தோம், யாரிடம் என்ன சொன்னோம் என்பதெல்லாம் குழப்பம். எந்த நிறத்தை எங்கே பார்த்தாள் என்பது மட்டும் கல்வெட்டு.

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. அதன் கரையில் துவைக்கிற கற்கள். கணவனின் தங்கை, ஊரில் உள்ள தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளை அந்தக் கல்லில்தான் துவைக்கிறாள். நாத்தனார் துவைப்பாள், அண்ணி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். ஒருநாள் கரையோர நுரையில் இளஞ்சிவப்பு ஓடும். ஒருநாள் தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். மேலே காட்டில் ஏதோ பழம் உதிர்ந்து ஊறுகிறது, இல்லையென்றால் மண்ணில் ஏதோ தாது கரைகிறது என்று இவளாக ஒரு காரணம் வைத்திருந்தாள். ஓடையை அத்தனை காலம் பார்த்தவள், அது எந்த வழியாக வருகிறது என்று ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை.

அதிசயம் நடந்தது நூல்கடையில். ஓடையில் அவள் பார்க்கும் நிறம், சில நாள் கழித்துக் கடையின் அலமாரியில் புது நூலாக வந்து உட்காரும். கிட்டத்தட்ட என்று சொல்லக்கூட இடமில்லை, அச்சு அசலாக அதே நிறம். சரக்கு வருவதற்கு முன்பே, "அடுத்து ஒரு கத்தரிப்பூ நிறம் வரும் பாருங்க" என்று கடை முதலாளியிடம் சொல்லிவிடுவாள். வரும். முதலில் சிரித்தவர் அப்புறம் வியந்தார். அப்புறம் வாடிக்கையாளர்களிடம் சொல்லத் தொடங்கினார். "இந்த அம்மா கண்ணுக்கு ஏதோ சக்தி இருக்கு, வரப்போற நிறம் முன்னாடியே தெரியுது." அவள் கையால் முதல் கண்ணி போட்டுத் தரும்படி கேட்டு வீட்டுக்கே ஆட்கள் வந்தார்கள். அதிசயம் என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டால், உள்ளே என்ன கொதிக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. அவளும் பார்க்கவில்லை. தன் கண்ணுக்கு ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று, சொல்லிக்கொள்ளாமல் நம்பிவிட்டாள்.

அந்தக் கண்ணை நம்பித்தான் ஓடைச் சால்வையைத் தொடங்கினாள். இதுவரை பின்னியதிலேயே பெரியது அது. சிவப்பு நீலத்தில் கரைந்து, நீலம் கத்தரிப்பூவாகி, இடையிடையே கல்லில் மோதி உடையும் நுரைக்கு வெள்ளைக் கண்ணிகள். அரைகுறையாக இருக்கும்போதே பார்த்துவிட்ட கடை முதலாளி, அதைக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் தொங்கவிடப்போவதாகவும், அவளுடைய மாதிரிகளை எல்லாம் அவள் பெயரிலேயே புத்தகமாக அச்சிடப்போவதாகவும் சொன்னார். நூல் சாயம் போடும் ஆலையில் நிறம் தேர்ந்து சொல்லும் வேலைக்கும் பேசி வைத்திருக்கிறாராம். வெளிச்சமான ஓர் அறை, ஒரு மேசை, பெயர்ப்பலகை. சந்தில் சுவர் பார்த்து நின்றவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நாற்காலி போடுகிறார்கள்.

சால்வையின் கடைசி வரிசைகளுக்கு நூல் போதவில்லை. கடைக்குப் போனாள். சரக்கு வரவில்லை, ஆலையில் கொதிகலன் பழுது, ஒரு வாரமாகச் சாயமே போடவில்லை என்றார்கள். வெறுங்கையோடு திரும்பியவள் வழக்கம்போல ஓடைக்கரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாகவே ஓடை சப்பென்று, வெறும் தண்ணீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இயற்கைக்கும் சோம்பல் வரும்போல என்று அன்று காலையில்கூட நாத்தனாரிடம் குறைப்பட்டிருந்தாள். ஆலையிலும் ஒரு வாரம், ஓடையிலும் ஒரு வாரம் என்பது இப்போதுதான் உறைத்தது.

அப்போதும் அவள் புத்தி நேராகப் போகவில்லை. ஆலைக்காரர்கள் ரகசியமாக ஓடைக்கு வந்து, தன்னைப் போலவே நிறம் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தாள். தன் ஓடையைக் காப்பியடிக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. நாத்தனாரிடம் சொன்னாள். அவள் விரிப்பைக் கல்லில் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"அண்ணி, நீங்க குழம்பு வைக்கிறதால தெருவுல வாசனை வருதா, இல்ல தெருவுல வர்ற வாசனையைப் பார்த்து நீங்க குழம்பு வைக்கிறீங்களா?"

கொதிகலன் சரியான அன்று இருவரும் ஓடையோடு ஏறிப் போனார்கள். முள்ளும் புதருமாக, யாரும் போகாத வழி. வளைவு தாண்டியதும் தெரிந்தது. ஆலையின் பின்சுவரிலிருந்து ஒரு சிமென்ட் குழாய் புதருக்குள் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து கத்தரிப்பூ நிறம் ஆவி பறக்க விழுந்துகொண்டிருந்தது. அண்ணி மடியிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து நீட்டினாள். கண்ணை மூடத் தேவைப்படவில்லை. நூல் எது, தண்ணீர் எது என்று தெரியாதபடி பொருந்தியது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது.

நாத்தனார் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். வெடிப்புகள், வெடிப்புக்குள் சிவப்பு, விரலிடுக்கில் தோல் உரிந்து வெளுத்த வெள்ளை. "இதுக்கும் ஒரு நூல் பொருத்திப் பாருங்க அண்ணி."

அந்தக் கையை அண்ணி தினமும் பார்த்தவள்தான். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொன்னார், சோப்பை மாற்றினார்கள். கையுறை போட்டுத் துவைக்கச் சொன்னார் விடுதிக்காரர், கையுறை மட்டும் தரவில்லை. கண்ணேறு என்று சொல்லி ஒருவர் கறுப்புக் கயிறு கட்டினார். கயிறு ஈரத்தில் ஊறி, கட்டிய இடத்திலும் புண் வந்தது. அந்தக் கரையில் துவைக்கிற ஒவ்வொரு பெண்ணின் கையும் இப்படித்தான் இருந்தது. சோப்பை மாற்று, கையை மாற்று என்று துவைக்கிறவளுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆயிரம் வாய். குழாயை மாற்று என்று சொல்ல ஒரு வாயும் இல்லை.

அண்ணி கடை முதலாளியிடம் போனாள். கோபித்துக்கொள்ளப் போனாளா, விளக்கம் கேட்கப் போனாளா என்று அவளுக்கே தெளிவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர்.

"நீங்க ஓடையைப் பார்த்துத்தானே பின்னினீங்க?"

"ஆமா."

"அப்போ சால்வைக்கு ஓடைன்னு பேர் சொல்றது பொய்யா?"

"பொய்யில்ல."

"அவ்வளவுதாம்மா. அதுக்கு மேல இருக்கிற குழாயை யார் கேட்டா? ஆலைக்காரங்க பார்த்து ஏதாவது செய்வாங்க. நீங்க உள்ள போய் உக்காந்துட்டா நீங்களே சொல்லலாமே. மிச்ச நூல் வந்ததும் கொடுத்தனுப்பறேன், முடிச்சு வைங்க, வர்ற திங்கள் காலைல நானே வந்து சால்வையை வாங்கிக்கறேன்."

திரும்பி நடக்கும்போது, அவர் சொன்னதில் எது தப்பு என்று தேடிப் பார்த்தாள். தனித்தனியாக எதுவும் தப்பாக இல்லை. கண்ணிகள் எல்லாம் சரியாக இருந்தும் துணி மட்டும் கோணிக்கொள்ளுமே, அப்படி இருந்தது. தவறு எந்த வரிசையில் விழுந்தது என்று தெரிந்தால் அதுவரை பிரித்துவிடலாம். தெரியவில்லை. வீட்டில் சால்வையை விரித்துப் பார்த்தாள். இனி அசிங்கமாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்துப் பார்த்தாள். சனியன், முன்னைவிட அழகாகத் தெரிந்தது. தன் கண்ணில் ஒரு சக்தியும் இல்லை, ஆலையின் கழிவை, நூல் கடைக்கு வருமுன்பே ஓடையில் பார்த்தோம் என்பதுதான் விஷயம் என்று எண்ணியபோது சிரிப்பு வந்தது. பெயர் போட்ட புத்தகத்தை நினைத்தபோது அழுகை வந்தது. அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து சொன்னால் கேட்பார்களோ? உட்கார்ந்த பிறகு சொல்ல வருமா?

"தரப்போறீங்களா, இல்லையா?" என்றாள் நாத்தனார், சோறு போட்டுக்கொண்டே.

"தெரியல."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா தெரியலடி. நீ இனிமே அந்தத் தண்ணில கை வைக்காத. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியுது."

வேறு எங்கே துவைப்பது என்று நாத்தனார் கேட்டாள். வீட்டுக் குழாயில் குடிக்கிற தண்ணீரே மூக்கு ஒழுகுகிற மாதிரிதான் வரும். கேள்வி நியாயமானது.

திங்கள் காலையில் வந்த கடை முதலாளி, பூட்டிய வீட்டின் முன் நின்று விசாரித்தார். அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மேட்டுப் பக்கம் போனதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள். அவர் மூச்சு வாங்க ஏறிப் போனார்.

ஆலையின் பின்பக்கம் எப்படியோ, முன்பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சி. வாசலை ஒட்டி வெளியே பூச்செடிகள், அவற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு குழாய். அதில் நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து வேடிக்கை அக்கா விடுதியின் விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அலசிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்த ஆட்கள் உள்ளே போகாமல் கூடி நின்றார்கள். இது துவைக்கிற இடமில்லை என்று காவல்காரர் சொல்லிப் பார்த்தார். "பூவுக்கு ஊத்தற தண்ணிதானே, எங்க கைக்கும் கொஞ்சம் ஊத்தினா என்ன?" என்று நாத்தனார் கேட்டதும், மேலாளரைக் கூப்பிட உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

கடை முதலாளி சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், இது என்ன கூத்து, ஆலைக்காரர்கள் பார்த்தால் அந்த வேலை என்ன ஆகும் என்று கேட்டார். அவள் நிமிர்ந்தாள். உதடு அசைந்தது, கண்ணி எண்ணுகிறவளைப் போல.

"எனக்கு முடிவா ஒரு பதில் சொல்லுங்கம்மா" என்றார் அவர். "சால்வை உண்டா, இல்லையா?"

அலசிய விரிப்பு ஒன்று பிழிய வேண்டியிருந்தது. நாத்தனார் எழுந்து ஒரு முனையைப் பிடிக்க வந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, வேடிக்கை அக்கா தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த முனையை எடுத்துக் கடை முதலாளியின் கையில் கொடுத்தாள். மறுமுனையோடு நான்கு அடி பின்னால் போய் நின்று, முறுக்கத் தொடங்கினாள்.