நிரை பிடித்த சுழல்கள்

அவன் என்னை அக்கா என்று கூப்பிடாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கெம்பசில் எனக்கு ஒரு வருடம் பின்னால் வந்தவன். அவனுக்குக் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், எனக்குத் தெரணியகலை. பௌதிக ஆராய்ச்சியில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். அதனால் சொந்தத் தம்பி என்றே நினைத்துத் தொலைத்தேன்.

என் ஆராய்ச்சி ஒரு வாயுவைப் பற்றியது. காந்தக் குணமுள்ள அணுக்களை, இதற்குமேல் குளிரவே முடியாது என்ற எல்லைக்குக் கிட்டக் கொண்டுபோனால், எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாக நடந்துகொள்ளும். காந்தப் புலத்தைச் சாய்த்துச் சுற்றினால் அந்த வாயுவும் சுழலும். ஆனால் கலக்கிவிட்ட தேத்தண்ணி போல முழுசாகச் சுழலாது. உள்ளே குட்டிக் குட்டி ஓட்டைகள் விழுந்து, ஒவ்வொன்றையும் சுற்றித் தனித்தனியாகச் சுழலும். காந்தக் குணமில்லாத குளிர்ந்த வாயுவில் இந்தச் சுழல்கள் முக்கோண முக்கோணமாக நிற்கும். சாய்ந்த காந்தப் புலத்தில் வரிசை பிடிக்கும். எவ்வளவு சாய்த்தால் பிடிக்கும் என்பதுதான் என் கேள்வி. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் ஒரே ஓர் ஆய்வு மாணவர் இடம் இருந்தது. விடை கையில் இருந்தால் அது எனக்குத்தான்.

ஆறு மாதம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அறையில் அரிசி வாளியின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மாரடித்தேன். மழை வந்தால் கரண்ட் போகும், கணக்கு பாதியில் நிற்கும். ஒருநாள் அம்மா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நெரை புடிச்ச மாதிரி நிக்குது?" என்றார். கொழுந்து பறிக்க ஆளுக்கு ஒரு தேயிலை வரிசை கொடுப்பார்களே, அந்த நிரை. விடை கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு இரண்டு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். நிறுவை குறைந்தால் அவளுக்கு அரைநாள் வேலைதான் எழுதுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டவள் சொல்லிக்காட்டமாட்டாள். வாங்கினவள் மறக்கமாட்டாள்.

அவனும் அதே மாதிரி வாயுவைத்தான் ஆராய்ந்தான், ஆனால் அவனுடைய கணக்கு ஓடவே இல்லை. "திங்கக்கெழம சேர் கேப்பாருக்கா, காட்ட ஒன்னுமே இல்ல," என்று தன் மேற்பார்வையாளரை நினைத்துக் கண் கலங்கினான். நான் யோசிக்கவே இல்லை. என் கோப்புகள் அத்தனையையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். படித்தவள் செய்கிற வேலையா அது? மலைக்காரி புத்தி.

"சரிக்கா, சேருக்குக் காட்டிட்டு அழிச்சிருவேன்," என்றான்.

அந்த ஆய்வுகூடத்துப் பேராசிரியை கெம்பசுக்கு வந்தார். இடத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசவேண்டும். அவனும் விண்ணப்பித்திருந்தது, முதல் ஆளாக அவன் எழுந்து போனபோதுதான் எனக்குத் தெரியும். திரையில் என் படம் விழுந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு சுழல் மட்டும் விலகி நிற்கும், திருத்த நேரமில்லாமல் விட்டிருந்தேன். அதையும் அப்படியே போட்டிருந்தான். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"புலத்தை மறுபடி நிமிர்த்தினால் இந்த வரிசைகள் என்ன ஆகும்?" என்று பேராசிரியை கேட்டார்.

"அப்படியே இருக்கும்," என்றான்.

தப்பு. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் அங்கேயே கவிழ்ந்திருப்பான். ஆனால் ஆறு மாதம் பார்த்த பொருளைப் பற்றி ஒருவன் தப்பாகச் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "இல்லை, வரிசை கலையும். அணுக்காந்தங்கள் தலையும் வாலுமாகச் சேரப் பார்க்கும், பக்கவாட்டில் ஒன்றையொன்று தள்ளும். புலம் சாய்ந்திருக்கும்வரை சுழல்கள் அந்தத் திசைக்கு அடங்கி நிற்கும். நிமிர்ந்தால் பழையபடி முக்கோணம்தான்," என்றேன்.

பேராசிரியை முகம் மலர்ந்து அவனைப் பார்த்தார். "உங்கள் வேலையை இவருக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்."

இல்லை என்று அவன் சொல்வான் என்று, அந்த நிமிடத்திலும் நான் நம்பினேன். அவன் சிரித்தான். அவருக்குப் புரியாத தமிழில், மெதுவாக, "தேங்ஸ்க்கா," என்றான்.

அடுத்தது நீங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். என்னிடம் காட்ட இருந்ததும் அதே படம்தான்.