மிஸ்ஸியின் பெட்டி இன்னும் டிக்கிக்குள் இருக்கிறது

செய்தி வந்தபோது எங்கள் முற்றத்தில் நின்றவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், எதிர்வீட்டுக் கமலா மச்சாள், கரடியனாற்றிலிருந்து தயிர் கொண்டுவரும் அண்ணன். வேறு ஒருவரும் இல்லை. என் கணவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, "மிஸ்ஸி போயிட்டா. நித்திரையிலேயே" என்றார். தயிர்க்கார அண்ணன் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பத்தொரு நாளாகியும் அது அடங்கவில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரஞ்சிதம் மிஸ்ஸி ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தத்தால் கால் புண்ணாகி நடக்க ஏலாமல் கிடப்பவர்களின் வீடு தேடிப்போய், தன் பழைய வெள்ளைக் காரில் கொண்டுசெல்லும் பெட்டியைத் திறந்து மருந்து கட்டினார். அந்தப் பெட்டி டிக்கிக்குள் இருக்கும். டிக்கியோ ஒழுங்காகத் திறக்காது.

ஓட்டுகிறவரின் காலடியில் உள்ள பிடியை இழுத்தால் மூடி துள்ளி எழவேண்டும். இது ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே கிடக்கும். வாவிக்காற்றின் உப்பில் பின்பக்கச் சாவித் துவாரமும் இறுகிப்போயிற்று. ஒருவர் உள்ளே பிடியை இழுக்க, இன்னொருவர் பின்னால் நின்று மூடியை அமத்திச் சட்டென்று தூக்கவேண்டும். அதனால் மிஸ்ஸி எங்கள் வாசற் படலையடியில் இரண்டு தரம் ஹோன் அடிப்பார். நான் ஓடுவேன்.

"இழுத்துப் பிடிச்சிருக்கிறீங்களா மிஸ்ஸி?"

"பின்ன, இஞ்ச இருந்து தேவாரமா பாடுறன்? தூக்கு கா!"

நாலு பேர் உதவிக்கு வரவேண்டும் என்றே அவர் அதைத் திருத்தாமல் வைத்திருந்தாராம். செத்தவீட்டில் ஒருவர் உருக்கமாகப் பேச, எல்லோரும் தலையாட்டினார்கள். பொய். அந்த மூடியை அவர் திட்டாத நாள் இல்லை. மூன்று தரம் கராஜுக்குக் கொண்டுபோனார். மூன்று தரமும் அங்கே திறந்து காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பழையபடிதான். மூன்றாம் தரம் காரைக் கழுவியும் தந்தார்கள்.

பிறகு நானே டோர்ச் பிடித்து டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். எனக்கு இதை ஒருவரும் படிப்பிக்கவில்லை; கண் இருந்தது, பார்த்தேன். பூட்டுக்கு ஓடும் கம்பியின் உறையைப் பிடித்திருக்கும் சின்னக் கொளுக்கி உடைந்திருந்தது. பிடியை இழுத்தால் உறையும் சேர்ந்து நகர்ந்தது; பூட்டு பாதிதான் விலகியது. மிஸ்ஸியோடு கராஜ்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அக்கா, நீங்க சமையலப் பாருங்க. நாங்க காரப் பாக்கிறம். டிக்கிய அடிச்சுச் சாத்தினா இப்படித்தான்."

மிஸ்ஸி விடவில்லை. "மனே, நான் முப்பது வருசம் ஊசி போட்டவள். எத எப்படி அமத்துறதெண்டு எனக்குத் தெரியும். இவ பார்த்ததச் சொல்றா. நீ பாராமலே மூணு தரம் கார வச்சிருந்தாய்."

புதுக் கொளுக்கி வரும் என்றார்கள். வரவேயில்லை.

இறப்பதற்கு முதல் நாள் பின்னேரமும் ஹோன் கேட்டது. அன்று நான் மாமாங்கம் கோயிலுக்குப் பூசைக்குப் புறப்பட்டு நின்றேன். மிஸ்ஸி பெட்டியைத் திறந்து, கொப்பியில் எதையோ எழுதி உள்ளே வைத்தார். பெட்டியை வீட்டுக்குள் எடுப்போம் என்றார். "பூசைக்கு நேரமாகுது மிஸ்ஸி, உள்ளுக்கே கிடக்கட்டும். நாளைக்கு எடுப்பம்" என்று சொல்லி மூடியைச் சாத்தியது நான். இந்தக் கை. சுவாமியிடம் இதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கொப்பி சாதாரணமானதல்ல. ஒவ்வொரு புண்ணையும் நூலால் அளந்து, நிறம் பார்த்து, எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது எரித்தது என்று மிஸ்ஸி எழுதி வைத்தது. செட்டிபாளையத்தில் மீன்பிடிக்கும் அந்தோனி அண்ணனின் பெருவிரல் இப்போது கறுக்கிறது. வெட்டவேண்டி வருமா என்று முடிவெடுக்க, போன மாதம் அது எப்படி இருந்தது என்று டொக்டர் கேட்கிறார். அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொப்பிக்குத் தெரியும்.

மிஸ்ஸியின் தம்பியார் கார்ச் சாவியைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார். தொலைபேசியில் கேட்டேன். "அது திறக்குதில்ல அக்கா. கார வாங்கிற ஆக்கள் வெட்டி எடுப்பாங்க" என்றார். கொப்பி இருக்கிறது என்றேன். "பழைய கொப்பிதானே" என்றார். அதன் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. உங்கள் அக்கா ஊர்க் காலெல்லாம் கழுவினார், தம்பி. உங்களுக்கு ஒரு சாவியைக் கொடுத்தனுப்ப ஏலாதா?

மூடியின் இடது ஓரத்தில், தூசுக்கு நடுவே, என் உள்ளங்கை பட்டுப்பட்டு மினுங்கும் ஓரிடம் இருக்கிறது. நேற்றும் மிஸ்ஸி வீட்டுப் படலைக்கு மேலால் பார்த்தேன். மிஸ்ஸி, நீங்கள் அமைதியாகப் போய்வாருங்கள். அந்தோனி அண்ணனின் காலை நான் கழுவுகிறேன். கொப்பியில்லாமல் எந்த மருந்தைப் போடுவதென்றுதான் தெரியவில்லை.

தம்பி, இந்த நினைவு மலர் உங்கள் கைக்கும் வரும். மூடியை வெட்டத் தேவையில்லை. சாவியோடு ஒருவரை அனுப்புங்கள். அவர் கார்க் கதவைத் திறந்து பிடியை இழுக்கட்டும், நான் பின்னால் நின்று தூக்குகிறேன். அந்தோனி அண்ணன் திங்கட்கிழமை டொக்டரிடம் போகவேண்டும். அதற்கு முன் எனக்குப் பதில் சொல்லுங்கள்.