எட்டுக் கால் நண்டும் முந்நூறு இசைத்தட்டும்

இசைத்தட்டு விற்கிறவன் காதில் பாட்டு விழுவதே இல்லை. மேசைக்கு எதிரே நிற்கிறவர் பேச்சுதான் விழும்.

ஆல்பம் வெளியான அன்று மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் இருந்தவர்கள் இவர்கள்: பாடுகிற கௌதம், கிதார் வாசிக்கிற பிரவீன், பேஸ் கிதார் ஜோயல், டிரம்ஸ் அடிக்கிற என் மகள் எஸ்தர், சவுண்டு ஆட்கள் இருவர், விடுதி மேனேஜர், சமோசா கொடுத்த பெண்கள் மூவர், கேட்க வந்தவர்கள் நாற்பத்தொரு பேர், யாரும் கூப்பிடாமல் வந்த நாய் ஒன்று, மேசைக்குப் பின்னால் நான்.

இவர்கள் நால்வரும் சேர்ந்த ராக் குழுவுக்கு ‘நண்டுக்கூட்டம்’ என்று பெயர். முதல் ஆல்பத்துக்கு ‘எட்டுக் கால்’ என்று வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு கால் என்பது கணக்காம். போனில் கேட்கிற பாட்டுக்கு மரியாதை இல்லை, கையில் பிடிக்கிற மாதிரி பொருள் வேண்டும் என்று கௌதம் சொன்னதால், பழைய காலம் போல முந்நூறு கருப்புத் தட்டு போட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் முந்நூறும் விற்றால் அடுத்த ஆல்பத்தைத் தானே எடுப்பதாகச் சென்னையில் ஓர் இசைக் கம்பெனி சொல்லியிருந்தது. எஸ்தர் அதை நம்பி ஓ.எம்.ஆர். சாலைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள். விற்றால் டிரம்ஸ், விற்காவிட்டால் மறுபடி கம்பெனி பஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த என்னை மேசையில் உட்கார வைத்தார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேச எனக்கு நாக்கு எழாது. பெற்ற பிள்ளையின் சரக்கை ஊராரிடம் நீட்டியவர்களுக்கு நான் இனிச் சொல்லப்போவது புரியும்.

கடல் தெரிய வேண்டும்

முதல் பாட்டு முடிந்ததும் மேசையைச் சுற்றிக் கூட்டம். நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தேன். எல்லோரும் தட்டை எடுத்தார்கள், முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். கருப்பு அட்டையில் விரல் ரேகை பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் துடைத்து அடுக்கினேன். பத்தொன்பது விற்றது.

கடைசியாக ஒரு பெண் வந்தார். வெகு நேரம் அட்டையைத் தடவிப் பார்த்தார். இவர் வாங்குவார் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். தட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று சொன்னார்: “அங்கிள், கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சுப் பிடிங்க, பின்னாடி கடல் தெரியணும்.”

மனை வாங்கினால் பாட்டு

திருப்போரூர் பக்கம் ஒரு மனை விற்பனைக்காரர் புது லேஅவுட் திறந்தார். கூட்டம் சேர்க்க நண்டுக்கூட்டத்தைக் கூப்பிட்டார். முன்பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு தட்டு பரிசு என்று இருபத்தைந்து எடுத்துக்கொண்டார். எஸ்தர் அடித்த அடியில் ஷாமியானா கம்பே அதிர்ந்தது. மனையின் விலையை ஏஜெண்டுகள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் விலை கேட்டுப் பதறினார்களா, சத்தம் கேட்டுப் பதறினார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பரிசு வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இதைப் போட்டுக் கேட்கிற பெட்டி யார் வீட்டிலும் இல்லை. இருபத்திரண்டு தட்டு மேசைக்கே வந்தது, மீதி மூன்றுக்குத்தான் மனைக்காரர் பணம் தந்தார். ஒரு பெரியவர் மட்டும் தட்டை வெளியே எடுத்து வெயிலில் பிடித்து, நடுவிலிருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இது வோணாம்பா, பதிலுக்கு ஒரு குக்கர் கீதா?”

கடப்பாக்கத்து ஆட்டம்

கடப்பாக்கத்தில் மீனவப் பையன்களின் கால்பந்துப் போட்டி. பரிசளிப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அந்த மாதிரிக் கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. எட்டுப் பாட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரோ ஒருவன் போனில் ஏற்றி ஊர் முழுக்க அனுப்பிவிட்டானாம். படகில் போகும்போதும் அதுதான் ஓடுகிறதாம். எஸ்தர் தனியாக அடிக்கிற இடம் வந்ததும் ஆட்டக்காரர்கள் மணலில் உட்கார்ந்து தொடையில் அதே தாளத்தைத் தட்டினார்கள். அவள் சிரித்ததை மேசையிலிருந்தே பார்த்தேன்.

விற்றது ஏழு. பாட்டு போனில் இருக்கும்போது தட்டு எதற்கு என்று நியாயமாகவே கேட்டார்கள். வலை பின்னுகிற ஒருவர் அட்டையிலிருந்த நண்டுப் படத்தில் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, நண்டுக்குப் பத்து காலாச்சே, ரெண்ட வறுத்துத் துன்னுட்டீங்களா?” என்றார். இதையே நான் அச்சுக்குப் போகும் முன் கௌதமிடம் சொன்னேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கௌதம் தண்ணீர் குடிக்க மேசைப் பக்கம் வந்து நின்றான். அவன் நிற்பதைக் கவனிக்காமல் கோல்கீப்பர் பையன் என்னிடம் சொன்னான்: “அக்கா அட்ச்சா போதும் நைனா, பாட்றவரு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

நான்கு மூலை மஞ்சள்

அதன் பிறகு கௌதம் எஸ்தரிடம் அதிகம் பேசவில்லை. ஆனாலும் படாளத்துக் கல்யாணம் எங்களுக்கு நம்பிக்கை கொடுத்தது. பெண்ணின் சித்தப்பா ஜோயல் வீட்டுக்குத் தெரிந்தவர். வரவேற்பில் வாசிக்க வேண்டும், தாம்பூலத்தோடு தர நூற்றைம்பது தட்டும் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். எஸ்தர் ஒரு வாரமாக அந்த நூற்றைம்பதைப் பற்றியே பேசினாள்.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்ததும் சித்தப்பா முகம் மாறியது. கல்யாணத்தில் யாராவது கருப்பு அட்டை கொடுப்பார்களா? ஜோயல் ஒரு வழி சொன்னான். பத்திரிகைக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டால் மங்களம் ஆகிவிடும். சித்தப்பா ஒப்புக்கொண்டார். பெண் வீட்டார் உட்கார்ந்து மஞ்சளை நன்றாகக் குழைத்து, தாராளமாகவே வைத்தார்கள். காய விடுங்கள் என்று சொல்ல வந்தேன். அதற்குள் பந்தி ஆரம்பித்துவிட்டது. ஈரத்தோடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

விருந்தினர் கிளம்பும் நேரத்தில் அடுக்கு ஒரே பலகையாக ஒட்டியிருந்தது. பிரிக்கப் பிரிக்க அட்டை உரிந்து, உள்ளே வெள்ளைக் காகிதம் தெரிந்தது. நூற்றுப்பன்னிரண்டு கிழிந்தன. நல்லதையாவது கொடுக்கலாமே என்று எஸ்தர் கேட்டாள். சித்தப்பா கோபப்படவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. அவள் தோளில் கை வைத்துச் சொன்னார்: “கிழிஞ்ச அடுக்குலருந்து எட்த்துக் குட்த்தா எங்க பொண்ணுக்கு ஆவாதும்மா, எல்லாத்தியும் வண்டில ஏத்திக்கோ.”

கம்பெனிக்காரர்

ஆனி கடைசியில் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் வாசித்தார்கள். சென்னைக் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தார். அன்று எஸ்தர் அடித்ததுபோல அதற்கு முன் அடித்ததில்லை. ஒரு குச்சி உடைந்ததும் இன்னொன்றை எடுத்து, தாளம் தவறாமல் முடித்தாள். நான்கு தட்டு விற்றது.

கம்பெனிக்காரர் மேசைக்கு வந்து ஒரு தட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், மாதிரிக்கு என்றார். எத்தனை விற்றது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானாகவே முப்பத்துமூன்று என்றேன். ஆடிக்கு இன்னும் சில நாள் இருக்கிறது என்றும் சொன்னேன். எஸ்தர் பக்கத்தில் நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கௌதம் வாசல் பக்கம் திரும்பி நின்றான். அவனுக்கு முன்பே தெரியும் என்று அந்த முதுகைப் பார்த்ததும் புரிந்தது. கம்பெனிக்காரர் தன்மையாகத்தான் சொன்னார்: “முந்நூறுன்னு சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு சார், எங்களுக்குப் பாடற தம்பி மட்டும் போதும், டிரம்ஸ கம்ப்யூட்டர்லயே போட்டுக்குவோம்.”

ஜன்னல் சீட்டு

எஸ்தர் அழவில்லை. பழைய வேலை கிடைக்கவில்லை. அதே சாலையில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். முதல் வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் காதில் மாட்டியிருந்ததில் ஒன்றை எடுத்து இவள் காதில் வைத்திருக்கிறாள். ‘எட்டுக் கால்’, மூன்றாவது பாட்டு. அந்தப் பெண் முன் சீட்டின் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாளாம். நீ யாரென்று சொன்னாயா என்று கேட்டேன். எஸ்தர், அந்தப் பெண் சொன்னதை மட்டும் சொன்னாள்: “யாரு பையன்னு தெரியல எஸ்தர், டிரம்ஸ்ல பின்னி எடுத்துட்டான் இல்ல?”

தட்டைப் படுக்கப் போட்டால் வளைந்துவிடும் என்பதால், எங்கள் வீட்டு ஒரே அறையில் நாங்கள் மூலையில் ஒடுங்கிப் படுத்திருக்கிறோம், அவை சுவரோரம் வரிசையாக நிமிர்ந்து நிற்கின்றன: இருநூற்று அறுபத்தாறு.