இடப்பக்கத்துப் பியானோ

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இடது காது அடைத்தது. எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். திறக்கவில்லை.

இந்த நாட்டில் எனக்கு இருக்கும் ஒரே உறவு நகரின் மறுகரையில், கிளென்ஃபீல்டில் வசிக்கும் அக்கா. அவளுக்கு அழைத்தேன்.

"குளிருக்கு அடைச்சிருக்கும். உள்ளி தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விடு. ரெண்டு நாளிலை சரிவரும்."

எங்கள் வீட்டில் காதுக்கு வேறு வைத்தியமே கிடையாது. பூண்டு எண்ணெயை விட்டேன். இரண்டு நாள் பதினெட்டு நாளானது.

நியூ லின்னில் ஒரு சுஷிக் கடையில் வேலை செய்கிறேன். ஜப்பான்கார முதலாளியம்மா நாள் முழுக்க ஒரே பழைய பாட்டைத்தான் போடுவார். பிரிந்துபோனவரை வாசலில் நின்று கூப்பிடும் பாட்டாம். மொழி தெரியாமலே அழுதிருக்கிறேன். கொரியன், சீனம், ஸ்பானிஷ் என்று அதைப் பாடிய எல்லோரையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். தமிழில் யாரும் பாடியிருக்கவில்லை. வீட்டில் கதைக்க ஆளில்லாதவளுக்கு அவர்கள் பெரிய கூட்டம்தான்.

பதினெட்டாம் நாள் ஹெட்ஃபோனை மாட்டி ஜப்பானிய மூலத்தைப் போட்டேன். பியானோ இல்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவு. பியானோவை முழுக்க இடப்பக்கமும் குரலை வலப்பக்கமும் வைத்திருந்தார்கள். பாடகி தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பயம் வந்தது.

மருத்துவர் மதுரைக்காரர். "எண்ணெயால ஒண்ணும் ஆகலைம்மா. நாள் போனதுதான் பிரச்சனை. முதல் வாரமே வந்திருந்தா வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார்.

திடீர் செவித்திறன் இழப்பு (உட்காதோ அதன் நரம்போ சட்டென்று செயலிழப்பது). முதலில் ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தை அடக்கும் மருந்து), பிறகு செவிப்பறை வழியாக ஊசி. ஒவ்வோர் ஊசிக்கும் பிறகு அரை மணி நேரம் எச்சில் விழுங்காமல், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன். கேட்கும் திறன் திரும்பவில்லை.

உங்களுக்கு ஒரு காது திடீரென்று அடைத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அக்கா ஞாயிறுதோறும் கேட்பாள்: "எண்ணெய் விட்ட காது சுகமோ?"

"ஓம் அக்கா, இப்ப பரவாயில்லை."

அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதைச் சொல்லி அழவும் அவளைத் தவிர எனக்கு ஆளில்லை.

ஏழு மாதமாகிறது. யாராவது கூப்பிட்டால் எந்தத் திசையென்று தெரியாமல் முழு உடம்போடு சுற்றித் திரும்புகிறேன். தெருவைக் கடக்க இருமடங்கு நேரமாகிறது.

போன வாரம் ஹெட்ஃபோனை இடம் வலமாக மாற்றி மாட்டினேன். பியானோ வந்துவிட்டது! இப்போது பாடகியைக் காணோம். அவள் செவிட்டுப் பக்கம் போய்விட்டாள். அவள் தொடங்க வேண்டிய இடம் வந்தது. பாட ஆளில்லாமல் பியானோ போய்க்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் நானே பாடினேன், தமிழில், வாயில் வந்த சொற்களை:

"அக்கா, எனக்கு ஒரு பக்கம் கேக்கேல்லை. வா அக்கா."

பாட்டு முடிந்ததும் தொலைபேசியை வலக்காதில் வைத்து அதையே சொன்னேன். எண்ணெயை நம்பி நாள் போனதையும் சொன்னேன். மறுமுனையில் கார்ச் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது.

கிளென்ஃபீல்டிலிருந்து பாலம் தாண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு வலப்பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.