தரை டிக்கெட்டில் ஒரு சபா

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். ஏசி அரங்கம். சால்வை எடுத்துப் போகாதது என் தப்பு. பாடகர் தோடி ராகத்தை எடுத்து ஆற அமர விரித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்குப் பின்னால் யாரோ வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். எனக்கோ அப்போதுதான் கச்சேரி களைகட்டியது போலிருந்தது. என்னைப் பொறுத்தவரை தோடிக்கு வேர்க்கடலை வாசனை உண்டு. சங்கீதம் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். உங்களிடம் சொல்லலாம்.

காரணம் குடவாசல். கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தபாலாபீசை ஒட்டிய ஓர் அறை, செருகி எடுக்க வயர்கள் தொங்கும் ஒரு போர்டு, தலையில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. அதை மாட்டினால் கொண்டை நிற்காது. அதனாலேயே அந்தக் காலத்துப் போட்டோக்களில் எல்லாம் எனக்கு இரட்டைப் பின்னல். ஊரில் போன் வைத்திருந்தவர்கள் மிராசுதார்கள், ரைஸ் மில்காரர்கள், ஒரு டாக்டர், போலீஸ் ஸ்டேஷன், அப்புறம் டூரிங் டாக்கீஸ் காதர் பாய். இவர்களில் பாதிப் பேர் சங்கீத சபா கமிட்டியில் இருந்தார்கள்.

அந்த சபா பிறந்த கதையைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மிராசுதார் கும்பகோணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கச்சேரி கேட்டுத் திரும்பியிருக்கிறார். வழியில் மழை. வண்டி அப்படியே வாய்க்காலில் இறங்கிவிட்டது. ஜரிகை வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவர், “இனிமே பாடறவங்க இங்க வரட்டும், நான் போறதா இல்ல” என்று சொன்னாராம். சொன்னபடியே தன் நெல் கிடங்கில் ஒரு பகுதியைத் தடுத்து, மேடை போட்டு, சபா ஆரம்பித்துவிட்டார். இந்த ஊரில் பக்தியாலும் பண்பாட்டாலும் வளர்ந்தது சங்கீதம் என்று ஆண்டு விழாவில் யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வாய்க்கால்தான் நினைவுக்கு வரும்.

அதற்கு வாயில் நுழையாத ஒரு சமஸ்கிருதப் பெயர். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் கமிட்டியில் இளவட்டங்கள், தமிழில் ‘இசை மன்றம்’ என்று மாற்றவேண்டும் என்றார்கள். பெரியவர்கள் முடியாது என்றார்கள். மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் பெயர்ப்பலகையில் இரண்டு பெயரையும் எழுதுவது என்று ராஜியானார்கள். பெயிண்டர் முதல் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு இரண்டாவதற்கு இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கியதில், தூரத்திலிருந்து பார்த்தால் ‘இசை மன்றம்’ கடைசியில் ஏதோ பூச்சி ஊர்வது மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் இரண்டையும் சொல்லவில்லை. ‘சபா’ என்றால் போதும்.

அங்கே பெண்களுக்குத் தனி இடம். இடம் என்றால், பக்கத்து அறை. நடுவில் மூங்கில் தட்டி. பாட்டு வரும், பாடுகிறவர் முகம் தெரியாது. வந்த புதிதில் ஒரு வித்வானின் குரலை வைத்து நெடுநெடுவென்று ஓர் ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கோலிசோடா குடித்துக்கொண்டிருந்த குட்டையான மனிதரைக் காட்டி, “நேத்திக்குப் பாடினவர்” என்றார்கள். எனக்கு ஒரு வாரம் மனசு ஆறவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு தை மாதத்துக் கச்சேரியைப் பற்றி. அந்த வருஷம் அறுவடைக்குக் கூலி உயர்த்திக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலைக்கு இறங்கவில்லை. வரப்பெல்லாம் செங்கொடி. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். களத்துமேட்டில் கைகலப்பாகி இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சங்கத்தின் தலைவர் பக்கிரிசாமி. கட்டையான, கணீரென்று பேசுகிற மனிதர். சபாவின் தலைவர் சிதம்பரநாதன். வாய்க்காலில் நின்ற மிராசுதாரின் மகன். பேச்சுவார்த்தையில் சிதம்பரநாதன் பக்கிரிசாமியை “நீ” என்றாராம். அவர் உடனே, “நீங்கன்னு சொன்னாத்தான் மேற்கொண்டு பேச்சு” என்று எழுந்துவிட்டாராம். அதோடு ஊரில் நூற்று நாற்பத்து நான்கு போட்டுவிட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது.

சபாவின் வருடாந்திரக் கச்சேரிக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை. பாட இருந்தவர் கும்பகோணத்திலிருந்து கமலவேணி அம்மாள். கமிட்டி கூடியது, அதாவது நான்கு நான்கு பேராகக் கூடியது. சிதம்பரநாதன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். “கிடங்கு எனக்கு வேணும். அறுத்த நெல்ல வைக்க எடமில்ல. நெலத்துக்கே உச்சவரம்புன்னு கழுத்துல கத்தி நிக்குது. இதுல கச்சேரி ஒண்ணுதான் கேடா? சபாவக் கலைச்சிடலாம்.”

காதர் பாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அதிராம்பட்டினத்துக்காரர். சினிமாத் தொழிலுக்காகக் குடவாசலுக்கு வந்து, சபாவுக்கு மைக் செட்டும் ஜெனரேட்டரும் தந்துகொண்டிருந்தவர், எப்படியோ மிருதங்கப் பைத்தியம் ஆகிவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் மேஜைமேல் ஏதாவது வாசித்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலை எக்ஸ்சேஞ்சுக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

“தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லு. ஊர்ல கூட்டம் போடக்கூடாதுங்கறாங்க. எங்கொட்டாயில தெனம் படம் ஓடுதே, அத யாரும் நிறுத்தலியே?”

“அது லைசென்ஸ் உள்ளது பாய். டிக்கெட் குடுத்து நடத்தறீங்க.”

“அதான் நானும் கேக்கறேன். டிக்கெட் குடுத்து கச்சேரி நடத்துனா, அது கூட்டமா, ஷோவா?”

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அவர் கண்ணில் இருந்த பளபளப்பைப் பார்த்து, “ஷோதான் பாய்” என்றேன். அங்கிருந்தே தாசில்தாருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். தாசில்தார் வீட்டில் வீணை வாசிப்பவர். ஆபீசில் அதைக் காட்டிக்கொள்ளமாட்டார். பாய் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, “பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடணும் பாய். நான் ஒண்ணும் சொல்லல” என்றாராம். சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார் பாய்.

அடுத்து கமலவேணி அம்மாளுக்கு ட்ரங்க் கால். லைன் கிடைத்தபோது பாய் டீ குடிக்கப் போயிருந்தார். மறுமுனையில் அந்த அம்மாள்.

“குடவாசல்ல வெட்டு குத்துங்கறாங்களே, வரலாமா? யாரு பேசறது?”

“ஆபரேட்டர் பேசறேம்மா.”

“நீ சொல்லும்மா. பொம்பளையா சொல்லு. வரலாமா?”

யாரும் என்னை எதையும் முடிவு செய்யச் சொன்னதில்லை. “வாங்கம்மா. பயமில்ல. நாங்க இருக்கோம்” என்றேன். ‘நாங்க’ என்று யாரைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொட்டகையைச் சுற்றிச் சாக்குப் படுதாவை இறக்கி விட்டிருந்தார்கள். வெள்ளித்திரைக்கு முன்னால் பெஞ்சுகளை அடுக்கி ஜமக்காளம் விரித்து மேடை. டிக்கெட் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒருவருக்கும் தோன்றாத ஒரு விஷயம் வெளியே வந்தது. சினிமாக் கொட்டகையில் நாற்காலி பின்னால். அதற்கு முன்னால் பெஞ்சு. தரை டிக்கெட் எல்லாருக்கும் முன்னால். கமிட்டிப் பெரியவர்கள் வழக்கப்படி நாற்காலி டிக்கெட் வாங்கிக்கொண்டு கம்பீரமாக உள்ளே வந்து, பாடகியிடமிருந்து ஒரு பர்லாங் தூரத்தில் உட்கார்ந்தார்கள். முன்னால் மணலில் யார் என்கிறீர்கள்? பக்கிரிசாமியும் அவர் தெருக்காரர்களும். வேலைக்குப் போகாத நாட்கள். சபா கிடங்குக்குள் அவர்களை யாரும் விட்டதில்லை. கொட்டகைக்கு டிக்கெட் வாங்கினால் யார் தடுப்பது?

பெண்கள் பக்கமும் அப்படித்தான். இடுப்பளவு மண்சுவர் ஒன்றுதான் நடுவில். நான் முதல் வரிசையில், மேடைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தேன். கமலவேணி அம்மாளின் மூக்குத்தி தெரிந்தது. தம்புராவுக்குமேல் சாய்ந்து கண்ணை மூடியபோது நெற்றியில் ஒரு நரம்பு புடைப்பது தெரிந்தது. மிருதங்கக்காரரின் விரல்களைப் பார்த்தேன். அத்தனை நாள் தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்ட அந்தக் கும்கி நாதம் இப்படித்தான் பிறக்கிறதா என்று வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் வீட்டம்மா, “வாய மூடுடி, ஈ போயிடும்” என்றாள்.

இரண்டாவது உருப்படி முடிந்தபோது சிதம்பரநாதனுக்குப் பொறுக்கவில்லை. ஆளைவிட்டு நாற்காலியைத் தூக்கி முன்னால் போடச் சொன்னார். போட்டு உட்கார்ந்தார். உடனே பின்னாலிருந்து, “யாருங்க அது, மறைக்குது! உக்காருங்க!”

“உக்காந்துதானே இருக்கேன்!” என்றார் அவர்.

“கீழ உக்காருங்க!”

சினிமாக் கொட்டகைச் சட்டம் அது. யாராக இருந்தாலும் மறைத்தால் விடமாட்டார்கள். ஒரு விசில் வேறு பறந்தது. சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காதர் பாய் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். வெளியே லாரியில் போலீஸ் நின்றது. உள்ளே இரண்டு பக்கத்திலும் கட்டுப் போட்ட தலைகள் இருந்தன.

அப்போது பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்து, “கொஞ்சம் நகருங்கப்பா” என்றார். அவர்கள் நகர்ந்தார்கள். மணலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. “வாங்க, இப்படி உக்காருங்க” என்றார் சிதம்பரநாதனிடம்.

சிதம்பரநாதனின் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கமலவேணி அம்மாள் என்ன நினைத்தாரோ, யாரையும் பார்க்காமல், தோடியை எடுத்தார். எடுத்த அந்த முதல் இழுப்பிலேயே மனிதர் இறங்கிவிட்டார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் இரண்டு பக்கமும் யார் என்று பார்க்கவில்லை. அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்தினால் கௌரவமாக இருக்கும். ஆனால் கொட்டகையின் ஆபரேட்டர் ரூமில் படம் ஓட்டுகிறவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வழக்கம்போல இண்டர்வெல் நேரம் வந்ததும் மணியை அடித்துவிட்டார். அடித்ததும் படுதாவைத் தூக்கிக்கொண்டு கடலைக்காரர் வந்துவிட்டார். “முறுக்கே... கடலே... வறுத்த கடலே...” ஆலாபனை உச்சியில் நின்றுகொண்டிருந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். கமலவேணி அம்மாள் கண்ணைத் திறந்து, கடலைக்காரரைப் பார்த்து, பாட்டை நிறுத்தி, சிரித்துவிட்டார். “கடைய முடிச்சிக்கோப்பா. நான் காத்துக்கிட்டிருக்கேன். எனக்கும் ஒரு பொட்டலம் குடு.”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எத்தனையோ நாளாக அந்த ஊர் சேர்ந்து சிரிக்கவில்லை. பொட்டலங்கள் கை மாறிக் கை மாறிப் போயின. பக்கிரிசாமி கையிலிருந்த பொட்டலத்தைப் பக்கத்தில் நீட்டினார். சிதம்பரநாதன் தயங்கி, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, மேடையைப் பார்த்தபடியே, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தோடியைத் தொடர்ந்தார். கடலை வாசனைக்கு நடுவில் கேட்ட அந்தத் தோடிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்றைக்கும் இன்னொன்று கிடைக்கவில்லை.

தனி ஆவர்த்தனத்தின்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். “என்ன பாய், கூட்டம் போட்டிருக்கீங்க?”

“கூட்டம் இல்ல சார். மாட்டினி ஷோ. டிக்கெட் கிழிச்சிருக்கேன்.”

“ஷோன்னா படம் எங்க?”

பாய் மேலே பார்த்துக் கையைக் காட்டினார். ஆபரேட்டர் கெட்டிக்காரர். ஸ்லைடைப் போட்டார். மிருதங்கக்காரரின் வெள்ளை ஜிப்பாவின்மேல் ‘புகை பிடிக்காதீர்’ என்று மங்கலாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரை தூணில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கச்சேரியால் கூலிச் சண்டை தீர்ந்தது என்று எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். தீரவில்லை. மறுநாளே வரப்பில் செங்கொடி, எதிரில் போலீஸ் லாரி. அதிகாரிகள் வந்து, இழுபறியாகி, கடைசியில் பக்கிரிசாமி கேட்டதில் பாதிக்குமேல் கிடைத்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு பேச்சுவார்த்தையில் சிதம்பரநாதன் “நீங்க” என்றுதான் பேசினார் என்று எல்லாரும் சொன்னார்கள். சபாவைக் கலைக்கும் பேச்சையும் அவர் எடுக்கவில்லை. கிடங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். அதனால் சபா நிரந்தரமாகக் கொட்டகைக்கே குடிவந்தது. அடுத்த கமிட்டியில் காதர் பாய் என்னையும் சேர்த்தார். கமிட்டியில் முதல் பெண் நான். செய்த முதல் காரியம், மூங்கில் தட்டியைக் கேட்டு வாங்கி வெந்நீர் அடுப்பில் வைத்தது.

டெலிவிஷன் வந்தபிறகு கொட்டகைக்கு ஆள் குறைந்தது. பாயின் பிள்ளைகள் துபாய்க்குப் போனார்கள். பாயும் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. கொட்டகை போனதும் சபா பள்ளிக்கூடத்துக்கு மாறி, பிறகு யார் வீட்டு மாடிக்கோ மாறி, ஒரு வருஷம் கூட்டம் கூட்ட மறந்து, அப்படியே போய்விட்டது. கலைத்ததாகக்கூட யாரும் அறிவிக்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் போர்டு எங்கே போனதென்று தெரியாது. சிதம்பரநாதனும் இல்லை, பக்கிரிசாமியும் இல்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சமீபத்தில் ஒரு வரவேற்புக்குப் போனபோது மேனேஜரிடம், “இங்க முன்ன சபா இருந்துச்சு தம்பி, பெரிய பெரிய கச்சேரியெல்லாம் நடக்கும்” என்றேன்.

“அப்படிங்களாம்மா? எத்தன பேரு உக்காரலாம்?” என்றார் மரியாதையாக. மண்டபக்காரர், வேறென்ன கேட்பார்.

“எண்ணினதில்லப்பா. யாராவது வந்தா நகர்ந்து உக்காந்துக்குவோம்.”

அவர் புரியாமல் சிரித்துவிட்டு ஏசியைக் கூட்டிவைக்கப் போனார். தாமதமாக வந்த ஒரு குடும்பம் உட்கார இடம் தேடி நின்றது. நான் கொஞ்சம் நகரலாம் என்று பார்த்தேன். நாற்காலிகளை வரிசை கலையாமலிருக்க ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்தார்கள்.